கணினிப் பாடம்: பெயரைக் கடைசியிலிருந்து படி!



இந்த இதழுக்குப் பைத்தான் பற்றி ஒரு பாடம் எழுதித் தரச் சொன்னார் கணினி சார். எதை எழுதலாம் என்று யோசித்தபோது எங்கள் வீட்டில் நடந்ததுதான் முதலில் ஞாபகம் வந்தது. சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது இல்லையா? அதனால் எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

எங்க அக்கா காலேஜ் முதல் வருஷம். உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடணும். "நீதானடா கம்ப்யூட்டர் குரூப்பு, நீயே போட்டுக் குடு"ன்னு அம்மா சொன்னாங்க. எனக்கும் பெருமைதான். போனில் தேடினேன். அரசு முத்திரை போட்ட ஒரு பக்கம் வந்தது. எல்லா விவரமும் நிரப்பினேன். கடைசியில் பதிவுக் கட்டணம் 750 ரூபாய் கேட்டது. சீட்டுக்கு எடுத்து வைத்த பணத்திலிருந்து அம்மா கட்டினாங்க.

ஒரு வாரம் ஆச்சு, ரசீதும் வரல, பதிலும் வரல. தெருமுனை பிரவுசிங் சென்டர் அண்ணனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, பேரைக் கடைசியில இருந்து படிச்சியா?"

நான் முதல் இரண்டு சொல்லைத்தான் படித்திருந்தேன். இந்தப் பாடமே அந்தக் கேள்விக்கான பதில்தான்.

பெயரும் எண்ணும்

நமக்குப் பெயர் ஞாபகம் இருக்கும். கணினிக்கு எண் வேண்டும். இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணினியையும் அடைய ஓர் எண் முகவரி தேவை. பழைய வகை எண்ணில் நான்கு பகுதிகள் இருக்கும். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மொத்தம் ஏறக்குறைய 430 கோடி எண்கள்தான் இப்படி எழுத முடியும். அது போதாமல் போனதால்தான் ஐபி பதிப்பு 6 என்ற நீளமான எண்முறை வந்தது.

ஆரம்பத்தில் அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையில் கணினிகள் குறைவு. அதனால் எல்லாப் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பராமரித்தார்கள். மற்றவர்கள் அதை நகல் எடுத்து வைத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இது சமாளிக்க முடியாமல் போனது. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் புதிய ஏற்பாட்டை வடிவமைத்தார். அதுதான் டிஎன்எஸ், அதாவது களப்பெயர் அமைப்பு. ஒரே புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதாமல், பல இடங்களில் பிரித்து வைப்பதுதான் அதன் யோசனை.

தபால்காரர் படிப்பது போல

கடிதத்தில் முகவரி எப்படி எழுதுகிறோம்? ஆள் பெயர், கதவு எண், தெரு, ஊர், மாவட்டம், கடைசியில் பின்கோடு. ஆனால் தபால் பிரிக்கிறவர் முதலில் பார்ப்பது கடைசி வரியைத்தான். எந்த மாவட்டம், எந்த ஊர் என்று பார்த்த பிறகுதான் தெருவும் கதவும்.

களப்பெயரும் அப்படியே. தமிழ்நாடு அரசின் தளத்தை எடுத்துக்கொள்வோம்: டிஎன்.கவ்.இன். இதை வலது பக்கத்திலிருந்து படிக்கணும்.

1. இன் – இந்தியாவுக்கு உரிய கடைசிப் பெயர்.
2. கவ் – அதற்குள் அரசு அமைப்புகளுக்கு மட்டும் ஒதுக்கிய பகுதி. கடையில் வாங்குவது போல யாரும் வாங்க முடியாது.
3. டிஎன் – அதற்குள் தமிழ்நாடு.

கணினியும் இதே வரிசையில்தான் விசாரிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே வேர் சேவையகங்கள். அவற்றுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள். ஒவ்வொரு பெயரிலும் உலகம் முழுக்கப் பல கணினிகள் வேலை செய்கின்றன. வேரிடம் கேட்டால் "இன் பற்றி அங்கே கேள்" என்று வழி சொல்லும். அங்கே கேட்டால் அடுத்த படிக்கு வழி காட்டும். இப்படிப் போய்க் கடைசியில் எண் கிடைக்கும். கிடைத்த பதிலைக் கொஞ்ச நேரம் ஞாபகத்தில் வைத்துக்கொள்வதால், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கேட்க வேண்டியதில்லை.

செய்து பார்ப்போம்

பைத்தானை உருவாக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம். 1991-ல் வெளியிட்டார். அதில் சாக்கெட் என்ற நூலகம் கூடவே வருகிறது. தனியாக நிறுவ வேண்டாம். (சுவர் இதழ் என்பதால் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள். பெயர், எண், பகுதி ஆகிய மாறிகளைத் தமிழிலேயே டைப் செய்யலாம். பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்!)

நிரல் 1
இம்போர்ட் சாக்கெட்
பெயர் = இன்புட்("தளத்தின் பெயர்: ")
ட்ரை:
    எண் = சாக்கெட்.கெட்ஹோஸ்ட்பைநேம்(பெயர்)
    பிரின்ட்(எண்)
எக்செப்ட் சாக்கெட்.ஜிஏஐஎரர்:
    பிரின்ட்("முகவரி கிடைக்கவில்லை")

முதலில் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுங்கள். 127.0.0.1 என்று வரும். அது உங்கள் கணினி தன்னைத்தானே கூப்பிடும் எண். பிறகு தெரிந்த தளங்களின் பெயர்களைக் கொடுங்கள். வெறும் பெயர்தான் கொடுக்கணும். முன்னால் வரும் எச்டிடிபிஎஸ், சாய்கோடு எதுவும் சேர்க்கக் கூடாது. "முகவரி கிடைக்கவில்லை" என்று வந்தால் பெயர் தப்பு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நெட் இல்லாவிட்டாலும் அதே பதில்தான் வரும்.

நிரல் 2
பெயர் = இன்புட்("தளத்தின் பெயர்: ")
ஃபார் பகுதி இன் ரிவர்ஸ்ட்(பெயர்.ஸ்ப்ளிட்(".")):
    பிரின்ட்(பகுதி)

ஸ்ப்ளிட் பெயரைப் புள்ளி இருக்கும் இடத்தில் வெட்டும். ரிவர்ஸ்ட் அதைப் பின்னாலிருந்து கொடுக்கும். நாலே சொல்தான், ஆனால் எங்கள் வீட்டு 750 ரூபாயைக் காப்பாற்றியிருக்கும்.

நான் ஏமாந்த பெயரை இங்கே எழுதவில்லை. அதே மாதிரி ஒன்று போட்டுக் காட்டுகிறேன்: ஸ்காலர்ஷிப்.கவ்.இன்.எக்ஸாம்பிள்.காம். (எக்ஸாம்பிள்.காம் என்பது பாடங்களில் எடுத்துக்காட்டுக்காகவே ஒதுக்கிய பெயர்.) இடமிருந்து படித்தால் அரசுத் தளம் போலத் தெரியும். நிரல் 2-ல் போட்டால் காம், எக்ஸாம்பிள், இன், கவ், ஸ்காலர்ஷிப் என்று வரும். இப்போது புரிகிறதா? உரிமையாளர் எக்ஸாம்பிள்.காம். அதற்கு இடது பக்கம் அவர் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். தன் வீட்டுக்குள் ஓர் அறைக்கு "கலெக்டர் ஆபீஸ்" என்று போர்டு மாட்டினால் அது கலெக்டர் ஆபீஸ் ஆகிவிடுமா?

எனக்கு உறைத்த இடம்

நிரல் 1 எழுதி முடித்ததும் ஓர் ஆசை. அந்தப் போலிப் பெயரைக் கொடுத்தால் "கிடைக்கவில்லை" என்று வரும், சாரிடம் காட்டலாம் என்று நினைத்தேன். கொடுத்தேன். அழகாக ஓர் எண் வந்தது! உண்மையான அரசுத் தளத்துக்கு வந்தது போலவே வந்தது.

சாரிடம் கேட்டேன். "தபால்காரர் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அந்த வீட்டுக்காரர் நல்லவரா கெட்டவரான்னு அவர் சொல்வாரா?" என்றார். அவ்வளவுதான் விஷயம். பெயர் எங்கே போகிறது என்று நூலகம் சொல்லும். போகிற இடம் யோக்கியமா என்று சொல்லாது. முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் இருந்தாலும் அப்படித்தான். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்றுதான் அதற்கு அர்த்தம். மோசடித் தளமும் பூட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

எண்ணை மட்டும் வைத்தும் முடிவு செய்ய முடியாது. ஒரே எண்ணில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கலாம். ஒரே தளத்துக்கு ஊருக்கு ஊர் வேறு எண்ணும் வரலாம்.

இன்னும் கொஞ்சம் துருவிப் பார்க்க

டிஎன்எஸ்பைத்தான் என்று இன்னொரு நூலகம் இருக்கிறது. பிப் இன்ஸ்டால் டிஎன்எஸ்பைத்தான் என்று கொடுத்து நிறுவணும். பிறகு இம்போர்ட் டிஎன்எஸ்.ரிசால்வர். அதில் ரிசால்வ்(பெயர், "எம்எக்ஸ்") என்று கேட்டால் மின்னஞ்சலை வாங்கும் கணினி எது என்று வரும். மற்ற வகைகள்:

ஏ – பழைய வகை எண்
ஏஏஏஏ (நாலு ஏ) – ஐபி பதிப்பு 6 எண்
என்எஸ் – இந்தப் பெயருக்குப் பதில் சொல்லும் சேவையகம்
டிஎக்ஸ்டி – எழுத்துக் குறிப்புகள்

ஒரு பெயர் என்றைக்குப் பதிவானது என்பதை டிஎன்எஸ் சொல்லாது. அதற்குப் பதிவேட்டைப் பார்க்கணும். முன்பு ஹூஇஸ் என்ற முறை இருந்தது. காம் போன்ற பொதுப் பெயர்களுக்கு 2025 ஜனவரி 28 முதல் ஆர்டிஏபி என்ற முறைதான் அதிகாரபூர்வமானது. "பல வருஷமாக நடத்துகிறோம்" என்று சொல்கிற தளத்தின் பெயர் போன மாதம்தான் பதிவாகியிருந்தால் உஷாராக வேண்டியதுதான்.

பணம் கட்டும் முன் மூன்று படிகள்

1. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் பெயரை, அடுத்த ஒற்றைச் சாய்கோடு வரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால் என்ன எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம்.
2. வலமிருந்து படியுங்கள். அரசுத் தளம் என்று சொன்னால் முடிவு கவ்.இன் ஆக இருக்கிறதா? நடுவில் புள்ளிக்குப் பதில் சிறு கோடு போட்டு ஏமாற்றுகிறார்களா?
3. சந்தேகம் இருந்தால் கட்டாதீர்கள். கல்லூரியிலோ பள்ளியிலோ கேளுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நான் ஒரு வாரம் சும்மா இருந்தது பெரிய தப்பு. பணம் திரும்ப வரவில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

அ) நிரல் 1, நிரல் 2 இரண்டையும் சேர்த்து ஒரே நிரலாக எழுதுங்கள்.
ஆ) பெயர் "கவ்", "இன்" என்ற இரண்டு பகுதிகளில் முடிந்தால் மட்டும் "அரசுப் பெயர்" என்று அச்சிடும்படி மாற்றுங்கள். (குறிப்பு: பெயருக்குள் எங்கேயாவது கவ்.இன் இருக்கிறதா என்று தேடினால் நான் ஏமாந்த மாதிரியே உங்கள் நிரலும் ஏமாறும்!)
இ) தமிழிலும் களப்பெயர் உண்டு. புள்ளி இந்தியா, புள்ளி இலங்கை, புள்ளி சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்கள். அவற்றை உள்ளே எப்படி மாற்றி எழுதுகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். விடையைக் கணினி ஆய்வகத்தில் என்னிடம் சொல்லுங்கள்.

அக்காவின் விண்ணப்பத்தை அப்புறம் சரியான தளத்தில் போட்டோம். அங்கே கட்டணமே கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, திரையில் விரலை வைத்து வலது பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாங்க. "இன்... கவ்... ம், இப்போ அமுக்குடா" என்றாங்க. அதுக்கப்புறம்தான் நான் பொத்தானை அமுக்கினேன்.



– பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு