எந்த வாயிலைத் தட்டுவது?

நுழையும்முன்
பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுக்கும் கல்லூரித் திறப்புக்கும் இடைப்பட்ட சில வாரங்களில், ஒரு மாணவரின் அடுத்த சில ஆண்டுகள் முடிவாகிவிடுகின்றன. அந்த அவசரம் வருமுன்னரே, எந்தெந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது என்பதை நிதானமாக எண்ணிப் பார்க்க இக்கட்டுரை துணைசெய்கிறது.

1895இல் நிறைவுற்ற முல்லைப்பெரியாறு அணையின் நீர் கம்பம் பள்ளத்தாக்கைப் பசுமையாக்கியது. கல்லூரி வருவதற்கோ மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த இராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956இல் தொடங்கப்பட்டது. இன்று பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரியும் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரியும், போடிநாயக்கனூரில் அரசு பொறியியல் கல்லூரியும் ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரியும், வீரபாண்டியில் அரசு கலை அறிவியல் கல்லூரியும் உள்ளன. மருத்துவம், கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றையும் தேனி மாவட்டத்திலேயே பயிலலாம். கல்லூரி இல்லையே என்று ஏங்கிய காலம் போய், எதைத் தேர்வது என்று தயங்கும் காலம் வந்திருக்கிறது.

இக்கல்லூரிகளுக்கெல்லாம் நுழைவாயில் ஒன்றன்று. பொறியியலுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கலந்தாய்வு; தோட்டக்கலைக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம்; கால்நடை மருத்துவத்திற்கும் சட்டத்திற்கும் அவ்வப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம். மருத்துவத்திற்கு நீட் தேர்வு எழுதியிருக்க வேண்டும். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்குப் பொதுவான இணையதளம் உண்டு. உதவிபெறும் கல்லூரிகளுக்கோ தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றொன்றுக்கும் அது செல்லும் என்று நம்பியிருப்பவர், கடைசி நாள் கடந்த பிறகே உண்மையை அறிகிறார்.

பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடைபெறுகிறது. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடப்படும் மதிப்பெண்ணைக் கொண்டு தரவரிசை அமைகிறது. பின்னர், கல்லூரியும் பாடப்பிரிவும் இணைந்த தெரிவுகளை மாணவர் வரிசையாகப் பதிய வேண்டும். இவ்விடத்தில்தான் தவறான அறிவுரைகள் மிகுதி. “அந்தக் கல்லூரி உனக்குக் கிடைக்காது, முதலிடத்தை வீணாக்காதே” என்பார்கள் சுற்றத்தார். அன்பினால் சொல்வதுதான், ஆனால் ஒதுக்கீடு நடைபெறும் முறை அதுவன்று.

தரவரிசையில் முன்நிற்பவரின் பட்டியல் முதலில் எடுக்கப்படுகிறது. அதனை மேலிருந்து கீழாகப் பார்த்து, அவருக்குரிய பிரிவில் இடம் எஞ்சியிருக்கும் முதல் தெரிவு அவருக்கு ஒதுக்கப்படுகிறது. அதன்பின் அடுத்தவரின் பட்டியல். ஒரு கல்லூரியை நீங்கள் பத்தாவதாகவும், அதே சுற்றில் தரவரிசையில் உங்களுக்குப் பின்னிருப்பவர் முதலாவதாகவும் எழுதியிருக்கலாம். அதனால் அவர் உங்களை முந்திவிட முடியாது. எனவே கிடைக்க அரிதான கல்லூரியை முதலில் எழுதுவதால் இழப்பேதும் இல்லை. எழுதாமல் விட்டால்தான் இழப்பு. பட்டியலைச் சுருக்குவதும் ஆபத்தே: எழுதியவை அனைத்தும் நிரம்பிவிட்டால், அச்சுற்றில் வெறுங்கையோடு நிற்க நேரும். முந்தைய ஆண்டுகளின் கட்ஆஃப் மதிப்பெண்கள், எவ்வளவு தூரம் கீழே எழுதிச் செல்ல வேண்டும் என்பதை உணர்த்தும். எதை மேலே வைப்பது என்பதை அவை தீர்மானிக்கலாகாது.

மனமில்லாத இடத்தைப் பிறர் பாராட்டுக்காக மேலே வைப்பதுதான் பெருந்தவறு. கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டே, பட்டியலில் அதற்கு மேலுள்ள தெரிவுக்காகக் காத்திருக்கும் வாய்ப்பும் உண்டு. அவ்வாறு காத்திருப்பவருக்கு மேலுள்ளது கிடைத்தால், கையிலிருந்த இடம் போய்விடும். போடியிலேயே படிக்க விரும்பும் ஒருவர் பெருமைக்காகச் சென்னைக் கல்லூரியை மேலே எழுதியிருந்தால், சென்னைக்குத்தான் செல்ல வேண்டியிருக்கும்.

தொலைவும் ஒரு கணக்கு. அகலப்பாதைப் பணிக்காக 2010இன் இறுதியில் நிறுத்தப்பட்ட மதுரை–போடி தொடர்வண்டி, 2022இல் தேனி வரையும் 2023 ஜூனில் போடி வரையும் மீண்டும் ஓடத் தொடங்கியது. ‘இனி வீட்டிலிருந்தே மதுரைக்குச் சென்று படிக்கலாம்’ என்று மகிழ்வதற்குமுன் கால அட்டவணையையும் பார்க்க வேண்டும். தொடங்கியபோது அவ்வண்டி காலையில் மதுரையிலிருந்து புறப்பட்டு, மாலையில் போடியிலிருந்து திரும்பியது. போடிக்குப் படிக்க வருபவருக்கு அது பொருந்தும். போடியிலிருந்து மதுரைக்குச் செல்பவருக்கு எவ்வாறு பொருந்தும்?

செலவைப் பேசக் கூச்சப்படுதல் வேண்டா. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றோர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அதில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உயர்கல்வி பயிலும் தகுதியுள்ள மாணவியர்க்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும், தகுதியுள்ள மாணவர்க்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் அதே தொகையும் வழங்கப்படுகின்றன. ‘நம்மால் முடியாது’ என்று ஒரு கல்லூரியை நீக்குமுன், இவற்றைக் கழித்த பிறகு எஞ்சும் தொகையைப் பெற்றோருடன் அமர்ந்து எழுதிப் பார்க்க வேண்டும்.

பேருந்து நிலையத்து விளம்பரப் பலகைகளைக் கொண்டு கல்லூரியை மதிப்பிட இயலாது. நேரில் சென்று இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம், ஆய்வகம் வாரத்தில் எத்தனை நாள் திறந்திருக்கிறது, எத்தனை பாடங்களுக்கு நிலையான ஆசிரியர் இருக்கிறார் என்று கேட்டால் போதும். விடை வருமுன் அவர் தயங்கும் நேரமே பாதி விடை.

கற்பவை கற்றபின்
நீங்கள் பயில விரும்பும் கல்லூரிகளை, கிடைக்குமா என்று எண்ணாமல், விருப்ப வரிசையில் எழுதுக. ஒவ்வொன்றன் எதிரிலும் விண்ணப்பிக்கும் வழி, வீட்டிலிருந்து செல்லும் நேரம், ஓராண்டுச் செலவு ஆகியவற்றைக் கேட்டறிந்து குறிக்க. அதன்பின் வரிசை மாறினால், எதனால் மாறியது என்பதை வகுப்பில் எடுத்துரைக்க.