தறியிலும் வயலிலும் எழுதாத கூலி

காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்ய ஒரு தறிக்கு இரண்டு ஆள் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால் மூன்று நாடா ஓடும். ஒருவர் நெய்ய, பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை வாங்கிப் போடுபவர் பெரும்பாலும் மனைவி அல்லது மகள். தார் சுற்றுவதும் அவர்களே. கூலியோ சேலைக்கு இவ்வளவு என்று, தறிக்காரர் பெயரில் வருகிறது.

உதாரணமாக, ஒரு சேலைக்கு 12 நாள் பிடித்தால் கூலியை 12-ஆல் வகுக்கிறோம். நாட்கூலி சுமாராகத் தெரிகிறது. உழைத்தவர் இருவர், 24-ஆல் வகுத்தால் பாதிதான் நிற்கும். பட்டு நெய்யும் வீட்டின் வறுமை ஊருக்குத் தெரியாமலிருப்பது இப்படித்தான். 2019-20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளரில் 70 சதவீதத்துக்கு மேல் பெண்களே.

வயல் கணக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? நடவு, களையெடுப்பு, வேர்க்கடலை ஆய்தல் எல்லாம் 'வீட்டு ஆள்' என்று விட்டுவிடுகிறோம். நெல்லுக்கு ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் மத்திய ஆணையம்கூடக் குடும்பத்தார் உழைப்புக்கு மதிப்புப் போட்டே செலவு கணக்கிடுகிறது. ஆகவே வரவு செலவு நோட்டில் பெண்களின் வேலை நாட்களுக்குத் தனிப் பத்தி ஒதுக்கி, உள்ளூர்க் கூலியைப் போட்டு எழுதி வரவும்.

கூலிக்கு வரும் பெண்களுக்கும், ஒரே வேலைக்கு ஆணுக்குத் தரும் கூலியே தர வேண்டும். 1976 சம ஊதியச் சட்டம் சொன்னது இது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் உள்ளது. தறி வேலை செய்யும் பெண்கள் கைத்தறித் தொழிலாளர் நல வாரியத்தில் தம் பெயரிலேயே பதிவு செய்ய இயலுமா என்று தொழிலாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.