பழுதும் பார்வையும்

“வீட்டில் மிக்சி ரிப்பேர்” என்று ஒருவர் கூறினால் நாம் என்ன பொருள் கொள்கிறோம்? மிக்சி கெட்டுவிட்டது என்றே கொள்கிறோம். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குச் செப்பனிடுதல் என்பதே பொருள். கெட்டதைச் சரிசெய்யும் செயலைக் குறித்த சொல், தமிழர் நாவில் வந்து அமர்ந்ததும் கெட்ட நிலையையே குறிக்கத் தொடங்கிவிட்டது. மருந்தின் பெயரை நோய்க்கு இட்டு வழங்குவது போன்றது இது. மொழியியலார் இதனைப் பொருள் மாற்றம் என்று கூறி அமைவர். நாமோ இதனுள் நம் இல்லங்களின் வரவு செலவு பற்றிய செய்தி ஒன்றும் ஒளிந்திருக்கக் காண்கிறோம். “ரிப்பேர்” என்று சொல்லிய அளவில் நம் பங்கு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் கடைக்காரர் பாடு, நம் பணப்பையின் பாடு.

தமிழ் இதற்கு வைத்திருந்த சொல் வேறு. பழுது என்பது மிகத் தொன்மையான சொல். தொல்காப்பிய உரியியல் அதற்குப் பயனின்மை என்று பொருள் உரைக்கிறது. அப்பயனின்மையைப் போக்கும் தொழிலைப் பழுதுபார்த்தல் என்று வழங்குகிறோம். பழுதுநீக்குதல் என்றோ பழுதுதீர்த்தல் என்றோ சொல்லியிருக்கலாம். ஆயினும் மக்கள் வழக்கில் நிலைபெற்றது பார்த்தல் என்னும் வினையே. நாடி பார்த்தல், கணக்குப் பார்த்தல் என்பனவும் இவ்வகையினவே. இவற்றிலெல்லாம் கைக்கு முன்னே கண் செல்கிறது. வீட்டுப் பொருள்களைப் பொறுத்தவரை இச்சொல்லமைப்பு வெறும் வழக்கன்று, செயல்முறையே அதுதான் என்பதைப் பட்டறிவால் உணர்ந்தோம். அவ்வுணர்வை மாணவ மணிகளோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்த்துறை மலரில் திருப்புளிக்கு என்ன வேலை என்று வினவுவோர் சற்றுப் பொறுத்தருள்க.

மதுரையின் தெருக்களில் ஒரு காலத்தில் பழுதுபார்ப்போரின் குரல்கள் வேளைக்கு வேளை ஒலித்தன. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் வருவார். அம்மி கொத்துபவர் உளியோடு வருவார். குடை தைப்பவர் மழைக்கு முன் வருவார். எம் நன்னிமா அவர்களிடம் பொருளைக் கொடுத்துவிட்டு உள்ளே சென்றதில்லை. திண்ணையிலேயே அமர்ந்து, எங்கே ஓட்டை, ஏன் ஓட்டை என்று கேட்டுக்கொண்டிருப்பார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தியை அவர் அடிக்கடி எடுத்துரைப்பார். மின்பொருள்கள் வந்தபின் அத்திண்ணை உரையாடல் நின்றுபோயிற்று. மின்சாரம் என்னும் அச்சம் ஒரு காரணம். மூடிய பெட்டிக்குள் இருப்பது நமக்கு விளங்காது என்னும் எண்ணம் மற்றொரு காரணம். முன்னது நியாயமானது. பின்னது அவ்வளவு நியாயமானதன்று.

சில ஆண்டுகளுக்கு முன் எம் இல்லத்து மிக்சி தேங்காய்ச் சட்டினி அரைக்கும்போது சட்டென நின்றுவிட்டது. சுவிட்சைப் போட்டாலும் உயிர் வரவில்லை. துணிப்பையில் இட்டு ஒரு கடைக்குக் கொண்டு சென்றோம். கடைக்காரர் அதனைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இருந்த சிவப்புப் பொத்தானை ஒரு முறை அழுத்தினார். மிக்சி ஓடியது. “பாய், இதுக்காகவா இம்மாந் தூரம் தூக்கிட்டு வந்தீங்க?” என்று சிரித்தார். சிரிப்புக்குக் கட்டணமாக 50 ரூபாயும் பெற்றுக்கொண்டார். அவரைக் குறை சொல்லோம். அறியாமைக்கு விதித்த தண்டம் அது. சுமை மிகுந்து மோட்டார் சூடேறும்போது மின்னோட்டத்தைத் துண்டிக்கும் காவற்பொறி அப்பொத்தான். சற்று ஆறவிட்டு அழுத்தினால் போதும். மீண்டும் மீண்டும் அது துள்ளினால்தான் வேறு பழுது உண்டெனக் கருத வேண்டும்.

அன்று முதல் மிக்சியைப் பார்க்கத் தொடங்கினோம். மோட்டார் ஓடும் ஒலி கேட்டும் சாடியின் கத்தி சுழலாவிடில், குற்றம் பெரும்பாலும் இரண்டையும் இணைக்கும் கப்ளரில் இருக்கும். பற்கள் தேய்ந்த கப்ளர் கண்ணுக்கே தெரியும். அடிப்பகுதியின் காற்றுத்துளை வழியே தீப்பொறி மிகுதியாகத் தெரிந்து, ஓட்டம் விட்டு விட்டு நிகழ்ந்தால், கார்பன் தேய்ந்திருக்கலாம். கார்பன் என்பது சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் சிறு கரித்துண்டு. தேய்வதற்கென்றே அமைக்கப்பட்டது. பென்சில் தேய்ந்தால் எழுதுபவரைக் குறை சொல்வோமா? இரண்டு கரித்துண்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையதைக் கையோடு கொண்டுபோய் அதே அளவில் வாங்கினால் தவறு நேராது. சாடியின் அடியில் நீர் கசிந்தால் புஷ் தேய்ந்தது எனலாம். இவற்றுள் எதற்கும் புதிய மிக்சி வாங்கத் தேவையில்லை.

மின்விசிறியின் கதை இன்னும் எளிது. கோடையில் நம் ஊரின் வெக்கையை அறிந்தோர்க்கு விசிறி நிற்பது என்றால் என்னவென்று சொல்ல வேண்டா. சுவிட்சைப் போட்டதும் மெல்லிய ரீங்காரம் கேட்கிறது, இறக்கை நகரவில்லை. தரையில் நின்றவாறே உலர்ந்த நீண்ட மரக்குச்சியால் இறக்கையை மெல்லத் தள்ளினால் தயங்கித் தயங்கிச் சுழல்கிறது. இவ்வாறாயின் கண்டன்சர் வலுவிழந்தது என்று பெரும்பாலும் துணியலாம். கூரை விசிறிகளில் இது பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரடு அளவினது. அளவு அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். இதன் விலை ஒரு வேளைச் சிற்றுண்டிக்குள் அடங்கும். அளவு கூடிய கண்டன்சரைப் போட்டால் விசிறி விரைந்து சுழலும் எனச் சிலர் அறிவுரை கூறுவர். அதனைக் கேட்க வேண்டா. காயில் சூடேறிப் பின்னர் முழு விசிறிக்கும் விலை கொடுக்க நேரும். ரீங்காரமும் இல்லை, சுழற்சியும் இல்லை எனில் முதலில் சுவிட்சையும் ரெகுலேட்டரையும் பார்க்க வேண்டும். கரகரவென்ற ஒலி எழுந்தால் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

இங்கே மின்கட்டணத்தையும் ஒருவாறு கணக்கிடுவோம். 75 வாட் விசிறி ஒன்று நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரு மாதங்களில் 54 யூனிட் ஆகும். இன்று விற்கும் 28 வாட் விசிறிக்கு ஏறத்தாழ 20 யூனிட்டே ஆகும். மிச்சம் 34. ஆகவே பழையதை எறிந்துவிட்டுப் புதியது வாங்குக என விளம்பரங்கள் கூறுகின்றன. ஆயின் 2016 முதல் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. ஓர் அறையும் ஒரு விசிறியும் கொண்டு அந்த 100-க்குள் வாழும் குடும்பத்துக்குப் புதிய விசிறியால் ஒரு காசும் மிச்சமில்லை. பழையதற்குக் கண்டன்சர் மாற்றுவதே அங்குச் சிக்கனம். 500 யூனிட்டைக் கடக்கும் இல்லத்துக்கோ கட்டண அட்டவணையே வேறாகிவிடுகிறது. அங்கு அந்த 34 யூனிட் பெரிது. சிக்கனம் என்பது எல்லார்க்கும் ஒரே விடையுடைய கணக்கன்று.

வைகை வறண்ட கோடையில் நாம் நம்பியிருப்பது ஆழ்குழாய்த் தண்ணீரை. அதன் உப்பு, நீர் சூடேற்றும் காயிலின்மேல் வெள்ளை ஓடாகப் படிகிறது. ஓடு தடித்தால் நீர் சூடாக நேரம் மிகும், காயிலும் விரைவில் வெந்துபோகும். இணைப்பை அகற்றி, ஆறவிட்டு, எலுமிச்சை உப்புக் கரைத்த நீரில் காயிலை மட்டும் ஊறவைத்தால் ஓடு இளகும். சலவை இயந்திரத்தில் நீர் நிரம்ப நெடுநேரம் ஆனால், குழாய் வந்து சேரும் வாயில் உள்ள சிறு வலையில் மணல் அடைத்திருக்கும். எடுத்துக் கழுவினால் தீர்ந்தது. குளிர்ப்பெட்டியின் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் கதவின் ரப்பர் பட்டை தளர்ந்து குளிர் வெளியேறுகிறது என்று பொருள்.

பார்த்து அறிதலே படிப்பு என்பதற்குக் கோவை நமக்கு ஒரு பெருஞ்சான்று தருகிறது. 1893-இல் கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடித்தவர் அல்லர். இளமையில் ஆங்கிலேய அலுவலர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உழைத்துச் சேர்த்த பணத்தில் அதனையே விலைக்கு வாங்கி, முற்றாகக் கழற்றி மீண்டும் பூட்டிக் கற்றவர். 1920-இல் ஒரே பேருந்துடன் தொழில் தொடங்கினார். 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். அதே கோவையில் 1955-இல் சபாபதி என்பார் மாவரைக்கும் கிரைண்டரை வடிவமைத்தார். நம் இல்லத்தரசியரின் தோள்வலியைக் குறைத்த கருவி அது. கழற்றிப் பார்க்கத் துணிந்த ஊரில் கருவிகள் பிறந்தன என்பது தற்செயல் அன்று எனக் கருதுகிறோம்.

ஆயினும் துணிவுக்கும் எல்லை உண்டு. எம் அத்தா சிக்கனத்தில் சிறந்தவர். நாம் பள்ளிச் சிறுவராக இருந்த காலத்தில் பியூஸ் அடிக்கடி எரிந்துபோவது கண்டு சலித்து, பழைய வயரிலிருந்து தடித்த செம்புக்கம்பியை உருவிப் பியூஸ் கட்டையில் சுற்றிவிட்டார். அதன்பின் பியூஸ் எரியவில்லை. அவருக்கு ஒரே பெருமை. நோன்புக் காலத்தில் ஒரு நாள் சஹர் வேளையில் மீட்டர்ப் பலகையிலிருந்து கருகல் வாடை வந்தது. சுவரினுள் சென்ற கம்பியின் உறை பல முழ நீளத்துக்கு உருகிக் கிடந்தது. எல்லாரும் விழித்திருந்த வேளையாதலின் பிழைத்தோம். உருகிப் போவதே பியூஸின் கடமை என்பதை அன்று அறிந்தோம். அது எரிகிறது என்றால் வீட்டில் வேறெங்கோ பழுது இருக்கிறது என்று அது சொல்கிறது. சொல்பவன் வாயை அடைத்த சிக்கனம், வீடு முழுவதும் புதுக்கம்பி இழுக்கும் செலவில் முடிந்தது.

எனவே எதனைத் தொட்டாலும் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துக. டெஸ்டரை மின்சாரம் உள்ள ஓரிடத்தில் வைத்து அது எரிவதை உறுதிசெய்த பின்னரே, இல்லாத இடத்தைச் சோதிக்க அதனை நம்புக. மைக்ரோவேவ் அடுப்பையும் பழைய குழாய்த் தொலைக்காட்சியையும் திறக்கவே வேண்டா. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அவற்றுள் உயிர்கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். எரிவாயு இணைப்பில் சோப்பு நீர் தடவிக் குமிழி பார்ப்பதோடு நம் வேலை முடிந்தது, எஞ்சியது முகவருடையது. குக்கரின் காஸ்கெட்டை நாமே மாற்றலாம். ஆனால் உருகிய காப்பு வால்வின் துளையை வேறெதையேனும் கொண்டு அடைத்தல் பியூஸ் கட்டையில் செம்புக்கம்பி சுற்றுவதற்கு ஒப்பாகும்.

நாம் பார்க்க விரும்பினாலும் பார்க்கவிடாத பொருள்கள் இப்போது பெருகி வருகின்றன. பசையிட்டு ஒட்டிய கைப்பேசிகள், பொதுவான திருப்புளிக்கு இணங்காத ஆணிகள், உதிரிபாகம் கிடைக்காத மாதிரிகள் எனப் பட்டியல் நீள்கிறது. 2009-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் மக்கள் கூடித் தம் பொருள்களைத் தாமே செப்பனிடும் ‘ரிப்பேர் கஃபே’ தொடங்கியது. 2022-இல் இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. பழுதுபார்த்தல் உரிமைப் பொருளாகிவிட்டது என்பதே, அது எவ்வளவு தூரம் நம் கைவிட்டுச் சென்றது என்பதைக் காட்டுகிறது. பொருள் வாங்கும்போதே, “இதற்கு உதிரிபாகம் கிடைக்குமா?” என்று கேட்பது நம்மால் இயன்ற சிறு எதிர்ப்பு.

மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து நம் துறையில் பயின்ற ஒரு மாணவியைப் பற்றிக் கூற வேண்டும். அவள் தாயார் வீட்டு வாசலில் தோசை மாவு விற்றுக் குடும்பம் நடத்துபவர். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் கிடைத்த கிரைண்டரே அவர்களின் முதல். ஒரு நாள் அது நின்றது. பார்க்க வந்தவர், மோட்டார் போய்விட்டது, 900 ரூபாய் ஆகும் என்றார். ஊறவைத்த அரிசி புளித்துக்கொண்டிருந்தது. கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்த பணத்தை எடுக்கலாமா எனத் தாயும் மகளும் பேசினர். மாணவி இணைப்பை அகற்றிவிட்டுக் கிரைண்டரைக் கவிழ்த்துப் பார்த்தாள். “சுவிட்சப் போட்டா மோட்டார் சத்தம் கேக்குதுங்க ஐயா. கல்லுதான் சுத்தல. அப்ப மோட்டார் எப்படிப் போயிருக்கும்னு யோசிச்சேன்” என்று பின்னர் எம்மிடம் கூறினாள். நான்கு ஆணிகளைக் கழற்றியபோது உள்ளே பெல்ட் அறுந்து கிடந்தது. அறுந்த துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு மதுரைக்குப் பேருந்து ஏறினாள். பெல்ட்டின் விலை 130 ரூபாய். மாலையில் மாவு விற்பனை நடந்தது.

பருவத்தேர்வுக் கட்டணத்தை அவள் உரிய நாளில் செலுத்தினாள். இப்போது அந்தக் கிரைண்டரின் அடிப்பகுதியில், பெல்ட்டின் எண்ணும் மாற்றிய நாளும் சிவப்பு நெயில் பாலிஷால் தமிழ் எழுத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. பக்கத்து வீட்டார் மூவர் தம் கிரைண்டர்களையும் கவிழ்த்து அவ்வாறே எழுதித் தரும்படி அவளிடம் கேட்டிருக்கிறார்களாம்.