அடைபட்ட எண்ணெயும் அதன் கசிவும்

கம்மாபுரத்து வயற்புறங்களில், டிராக்டரின் பின்னே பூட்டிய டிப்பர் வண்டி மண்ணைக் கொட்டுதற்பொருட்டு மெல்ல நிமிர்வதை நம் மாணவரிற் பலர் இளமை முதல் கண்டிருப்பர். கிழக்கே கடற்கரையில், படகின் பின்புறத்திற் பூட்டிய கனத்த அவுட்போர்டு மோட்டார், பொத்தானை அழுத்தியவுடன் நீரைவிட்டு மேலெழுவதைக் கண்டவர் சிலரே. சிறு மோட்டார்களைக் கையாலேயே சாய்த்துவிடலாம். கனத்தவற்றிற்கே ஹைட்ராலிக் சாய்வு யந்திரம் வேண்டும். டிப்பரும் இதுவும் ஒரே தத்துவத்தால் இயங்குவன. இரண்டிற்கும் வரும் நோயும் ஒன்றே. அதுதான் எண்ணெய்க் கசிவு.

ஆற்று முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருக்குங்கால், மோட்டாரைச் சற்றே தூக்கிக்கொண்டு படகைச் செலுத்துவர். அவ்வேளையில் எண்ணெய் கசிந்து மோட்டார் தானே தாழுமாயின் விசிறி மணலிற் புதையும். ஓட்டம் நின்ற படகு அலைக்குக் குறுக்கே திரும்பும். அது கவிழ்தற்கு அதற்குமேல் அதிகம் வேண்டுவதில்லை.

இனி யந்திரத்தின் அமைப்பைக் காண்போம். மின்மோட்டார் ஒன்று சிறு பம்பைச் சுழற்ற, அப்பம்பு எண்ணெயை உருளைக்குள் தள்ளுகிறது. பிஸ்டனோடு பொருந்திய தண்டு வெளியே நீண்டு பாரத்தைத் தூக்குகிறது. டிப்பரிற் பம்பைச் சுழற்றுவது டிராக்டரின் எஞ்சின். வேற்றுமை ஏறக்குறைய அவ்வளவே. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்துக் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசையினும் குறையாது பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டிற் பாஸ்கல் நிறுவியதைப் பௌதிக வகுப்பிற் கற்றோம். சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம் எனக் கொள்வோம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு ஏறக்குறைய 19.6 சதுர சென்டிமீட்டர். ஆகவே அது 1,960 கிலோ பாரத்தைத் தாங்கவல்லது. அத்துணை அழுத்தத்தையும் தண்டு வெளிவரும் வாயிலில் தடுத்து நிற்பது ஒரு சிறு ரப்பர் வளையம். பட்டறையார் அதனைச் சீல் என்பர்.

இவ்வாயிலை அடைப்பது எங்ஙனம் என்பது ஜோசப் பிராமாவையும் மயக்கிய வினா. 1795-இல் அவர் உரிமைச்சாசனம் பெற்ற நீரழுத்த யந்திரத்தில், தண்டைச் சுற்றி இறுக அடைத்தால் தண்டு நகராது. தளர்த்தினால் நீர் ஒழுகும். அவர் பட்டறையிற் பணிசெய்த ஹென்றி மாட்ஸ்லே, கிண்ணம்போல் வளைத்த தோல்வளையத்தால் இதனைத் தீர்த்தார் என்பர். கிண்ணத்தின் வாய் திரவத்தை நோக்கியிருக்கும். அழுத்தம் ஏற ஏறத் திரவமே அதன் உதட்டை விரித்துத் தண்டோடு அணைக்கும். அழுத்தம் நீங்கியதும் உதடு தளர்ந்து தண்டுக்கு வழிவிடும். பகைவனையே காவலாளி ஆக்கிய இவ்வுபாயத்தை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பே. தோல் போய் ரப்பர் வந்ததேயன்றித் தத்துவம் மாறவில்லை. சீலைத் தலைகீழாய்ப் பொருத்தினால் புதிய சீலும் ஒழுகுவது இதனாலேயே.

ஆயினும் கசிவுக்கெல்லாம் சீலையே குற்றஞ்சாட்டுதல் தவறு. இதனை யாம் பட்டே அறிந்தோம். கம்மாபுரத்தில் ஒரு டிப்பருக்கு ஒரே மாதத்தில் இருமுறை சீல் மாற்றினோம்; இருமுறையும் சில நாளிற் கசிவு திரும்பிற்று. மூன்றாம் முறை தண்டின்மேல் நகத்தை ஓட்டிப் பார்க்க, ஓரிடத்தில் நகம் தடுக்கிற்று. குரோமியப் பூச்சுப் பெயர்ந்து, துருவால் உண்டான கடுகளவுப் பள்ளம்! தண்டு ஏறியிறங்குந்தோறும் அதன் விளிம்பு சீலின் உதட்டை அரம்போல் அராவியிருக்கிறது. வண்டிக்காரர் இழந்த வாடகை நாட்களுக்கு எமது அவசரமே காரணம். உப்புநீரில் நனையும் படகுத் தண்டுக்கு இந்நோய் இன்னும் விரைந்து வரும். பள்ளம் விழுந்த தண்டை மாற்றுதல் வேண்டும், அல்லது மறுபடி குரோமியம் பூசுவித்தல் வேண்டும். எமரித் தாளால் தேய்த்து ஒப்பேற்றுவது பயன்படாது.

ஆதலின் முதற்கண் கசிவின் இடத்தை அறிக. யந்திரத்தைக் கழுவி உலர்த்தி, சிலமுறை ஏற்றியிறக்கி, கீழே விரித்த காகிதத்தில் எண்ணெய் எங்கே சொட்டுகிறதெனக் காண்க. கையால் தடவித் தேடலாகாது. நுண்ணிய துளைவழிப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். ஊசி குத்தியதுபோலத் தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய காயம் அது. வெளியே ஒரு துளியுமின்றி மோட்டார் தாழுமாயின் கசிவு உள்ளே நிகழ்கிறது: பிஸ்டன் வளையமோ, வால்வோ, கையால் இறக்குதற்கமைந்த திருகாணியோ. அத்திருகாணி சற்றே தளர்ந்திருந்தமை அறியாது யந்திரம் முழுவதையும் பிரித்துப்போட்டவரும் உளர். எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்ததென்க.

நெய்வேலிச் சுரங்கத்தில், பழுப்பு நிலக்கரிப் படிவத்தின்கீழ் அடைபட்ட நீர் மேல்நோக்கி அழுத்துகிறது. அதனை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே கரியை வெட்டுகின்றனர். கம்மாபுரத்தார்க்கு இது பக்கத்தூர்ச் செய்தி. அம்முறையே ஈண்டும் கொள்ளத்தக்கது. மோட்டாரை உயர்த்தித் தாங்குகொக்கியை மாட்டி, மரக்கட்டையாலும் முட்டுக்கொடுத்து, திருகாணியை மெல்லத் தளர்த்தி அழுத்தத்தை வெளிவிட்ட பின்னரே உருளையின் மூடியைத் திறக்கலாம். முட்டின்றித் தூக்கிய டிப்பர் தொட்டியின்கீழ் தலை நீட்டுவோரைக் காணுந்தோறும் எமக்கு நெஞ்சு பதறும்.

மூடியை அதற்குரிய சாவியாற் கழற்றுக. உளியும் சுத்தியும் கொண்டு தட்டுவது நம்மவர் வழக்கமாயினும், மூடி சிதைந்தால் அதனையும் வாங்க நேரும். புதிய சீலை அதே எண்ணெயில் நனைத்து, கிண்ணத்தின் வாய் உருளையின் உட்புறம் நோக்க இடுக. எண்ணெய் யாதென்பதை யந்திரம் செய்தோர் தந்த நூலிற் காண்க. கையிலிருக்கிறதென்று பிரேக் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் ஊதிக் கெடும். பெரும்பாலான மோட்டார்களில், முழுதும் உயர்த்திய நிலையிலேயே எண்ணெயின் அளவைப் பார்த்தல் வேண்டும். திருகாணியை இறுக்கி, ஐந்தாறு முறை ஏற்றியிறக்கினால் உள்ளே அகப்பட்ட காற்று வெளிப்படும். பின்னர்க் குறைந்த அளவை நிரப்புக.

அன்றிரவு மோட்டாரைப் பாதியளவு உயர்த்தி, தாங்குகொக்கி மாட்டாமல், கீழே எவரும் செல்லாதபடி விடுத்து, தண்டு வெளிப்படும் இடத்தில் மைக்கோடு ஒன்று இடுக. காலையில் அக்கோடு இட்ட இடத்திலேயே நிற்குமாயின் படகைக் கடலுக்கு விடலாம்.