சிப்பியைத் துளைக்கும் கடற்பஞ்சு

சிலுவையில் தொங்கிய இயேசுவுக்குக் காடியில் தோய்த்து நீட்டப்பட்ட பொருளைக் கடற்பஞ்சு என்று வாசிக்கின்றோம். பழைய மொழிபெயர்ப்பில் அது கடற்காளான் எனப்படும். உண்மையில் அது பஞ்சுமல்ல, காளானுமல்ல; கடலில் வாழும் ஒரு விலங்கின் எலும்புக்கூடு. எமது கடலிலும் பல இனக் கடற்பஞ்சுகள் உண்டு. அவற்றுள் சிப்பி, சங்கு, முருகைக்கல் ஆகியவற்றைத் துளைத்து உள்ளே குடியிருக்கும் வகையை இப்பாடத்தில் படிப்போம். வயலை விட்டு இடம்பெயர்ந்து கரையோரத்தில் வாழ நேர்ந்த குடும்பங்கள் கடலையும் அறிந்திருப்பது நல்லது. இந்த விலங்குக்கும் வயலுக்கும் ஒரு தொடர்பும் இருக்கின்றது.

அடையாளம் காணல்

கரையில் ஒதுங்கிய பழைய சிப்பி ஓடுகளைப் பொறுக்கிப் பாருங்கள். சிலவற்றில் ஓரிரு மில்லிமீற்றர் அகலமான வட்டத் துளைகள் நெருக்கமாக இருக்கும். ஓட்டை உடைத்தால், கறையான் அரித்த மரம் போல உள்ளே சிறு அறைகளும் அவற்றை இணைக்கும் வழிகளும் தெரியும். இது துளைக்கும் கடற்பஞ்சின் வேலை. ஒழுங்கான ஒரே துளை மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் சிப்பியின் ஊனை உண்ணும் கடல் நத்தை இட்ட துளை.

உடலமைப்பு

கடற்பஞ்சுக்குத் தலை, வாய், வயிறு, இதயம், நரம்பு எதுவும் இல்லை. உடல் முழுவதும் நீர் ஓடும் வாய்க்கால்களே. சிறு துளைகளால் நீர் உள்ளே வரும். அறைகளின் சுவரிலுள்ள கலங்கள் சாட்டை போன்ற இழையை வீசி நீரை இழுக்கின்றன. அவற்றின் கழுத்துப்பட்டி போன்ற பகுதி நீரிலுள்ள பற்றீரியாக்களைப் பிடிக்கின்றது. வடிகட்டிய நீர் பெரிய துளையால் வெளியேறும்.

உடலைத் தாங்குபவை சிலிக்காவினாலான நுண்ணிய முட்கள். மணலிலும் கண்ணாடியிலும் உள்ள பொருளே சிலிக்கா. துளைக்கும் இனத்தின் முள் குண்டூசி போன்றது: ஒரு முனையில் தலை, மறுமுனையில் கூர்.

துளைக்கும் முறை

முள்ளால் அது துளைப்பதில்லை. சிறப்பான சில கலங்கள் அமிலத்தைச் சுரந்து, ஓட்டின் ஒரு துணுக்கைச் சுற்றிச் சுண்ணாம்பைக் கரைக்கின்றன. துணுக்குக் கழன்றதும் வெளியேறும் நீர் அதைக் கொண்டு போகின்றது. ஒரு மில்லிமீற்றரை 20 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, துணுக்கு ஏறக்குறைய அவ்வளவு.

சிப்பியின் ஊனை இது உண்பதில்லை. ஓடு அதற்கு வீடு மட்டுமே. ஆனால் துளை உட்புறத்தை எட்டும்போது சிப்பி புதிய முத்துப்படையைச் சுரந்து அதை அடைக்கின்றது. இதில் சிப்பியின் பலம் செலவாகும். ஓடும் நொறுங்கும் நிலைக்கு வரும். துளை விழுந்த சங்குக்கு விலையும் குறையும்.

எங்கே வாழ்கின்றது?

1826 இல் றொபேட் கிறான்ற் என்ற அறிஞர் ஸ்கொத்லாந்துச் சிப்பிகளில் ஓர் இனத்தை விபரித்து, கிளையோனா எனப் பெயரிட்டார். உலகக் கடல்கள் எங்கும் உள்ளது அந்த ஒரே இனம் என்று நெடுங்காலம் எண்ணினர். தோற்றத்தில் ஒத்த பல இனங்கள் அதனுள் அடங்கியிருப்பதை இக்கால மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன.

மன்னார்க் குடாவின் முத்துப் பார்கள் ஏன் அடிக்கடி பொய்க்கின்றன என ஆராய, 1902 இல் ஹேர்ட்மன் என்ற பேராசிரியர் இலங்கைக்கு வந்தார். அந்த ஆய்வுத் தொகுதியில் 1905 இல் ஆதர் டென்டி எழுதிய கடற்பஞ்சுப் பகுதி வெளியானது. முத்துச் சிப்பியைத் துளைக்கும் இனமும் அதில் விபரிக்கப்பட்டுள்ளது.

வயலுக்கும் கடலுக்கும்

இது முழுத் தீமையல்ல. செத்த ஓடுகளை உடைத்துச் சுண்ணாம்பைக் கடலுக்குத் திருப்பிக் கொடுக்கின்றது, நீரையும் வடிகட்டுகின்றது. அளவு மீறினாலே கேடு. கழிவும் உரமும் கலந்த நீரில் பற்றீரியா பெருகும். அதை உண்ணும் துளைக்கும் கடற்பஞ்சும் பெருகும். கரிபியன் கடலின் முருகைக்கற் பார்களில் இதைக் கண்டுள்ளனர். எமது வாய்க்கால் நீரும் எங்கோ கடலைச் சேருகின்றது. கனகராயன் ஆறு இரணைமடுவைக் கடந்து சுண்டிக்குளம் களப்புக்கே போகின்றது.

நாம் செய்யக்கூடியவை

1. யூரியாவைப் பிரித்துப் பல தடவையாக இடுவோம். உரம் எறிந்த உடனே வயல்நீரை வெட்டி விடாதிருப்போம். உரக் காசும் மிஞ்சும்.

2. முருகைக்கல்லை உடைக்காதிருப்போம். அது கரையைக் காக்கும் வரம்பு. கரையோரத்தில் அதை அகழ்வதைச் சட்டமும் தடை செய்துள்ளது.

3. உயிருள்ள கடற்பஞ்சை வெறுங்கையால் தொட வேண்டாம் எனப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். முள் ஏறினால் தேய்க்காமல், ஒட்டும் நாடாவை ஒட்டி இழுத்து எடுக்க வேண்டும்.

4. துளை விழுந்த வெற்று ஓடுகளை நன்கு கழுவிக் காயவைத்து இடித்தால், முட்டையிடும் கோழிகளுக்குச் சுண்ணாம்புச் சத்தாகும்.

1907 இல் வில்சன் என்ற அறிஞர் வேறோர் இனக் கடற்பஞ்சைத் துணியில் இட்டுப் பிழிந்தார். தனித்தனியாகச் சிதறிய கலங்கள் நீரில் ஊர்ந்து, மீண்டும் ஒன்றுசேர்ந்து, புதிய கடற்பஞ்சாயின. சிதறடிக்கப்பட்ட கிராமங்கள் எமக்குப் புதியவை அல்ல. கூடி வாழ எண்ணும் எமக்கு இச்சிற்றுயிரும் ஒரு பாடம்.

கலந்துரையாடுவோம்

1. எமது வயல் நீர் எந்த வாய்க்கால் வழியாக எங்கே போய்ச் சேருகின்றது?

2. அதைச் சுத்தமாக வைத்திருக்க, வயலோரும் கடற்றொழிலாளரும் சேர்ந்து எதைத் தொடங்கலாம்?