எண்களின் எழிலும் கணித மனப்பான்மையும்

புணேயிலிருந்து மும்பை செல்லும் இருப்புப் பாதையில் தேஹு ரோடு ஒரு நிலையம். கன்டோன்மென்ட் பகுதியாகிய இவ்வூரில் இராணுவப் படைக்கலக் கிடங்கு ஒன்று உண்டு; தமிழ்க் குடும்பங்கள் பலவும் இங்குத் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. கிடங்கு என்றால் எண்களுக்கு ஓய்வில்லை. வந்த சரக்கு, போன சரக்கு, இருப்பு என யாவும் எண்களாகவே பேரேட்டில் ஏறுகின்றன. இவ்வாறு நாள்தோறும் வேலை செய்யும் எண்களுக்கு அழகும் உண்டு என்று கூறினால் பலர் வியப்படைவர். அவ்வழகைத் தம் வாழ்நாள் முழுவதும் தேடிய பள்ளி ஆசிரியர் ஒருவர் இதே மாநிலத்தில் வாழ்ந்தார். அவர் பெயர் தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர்.

ஆசிரியரின் வரலாறு

காப்ரேகர் 1905-ஆம் ஆண்டு தஹானுவில் பிறந்தார். தாணேயில் பள்ளிப் படிப்பையும், புணே பெர்குஸன் கல்லூரியில் உயர் படிப்பையும் முடித்தார். மாணவராயிருந்தபோதே, 1927-இல், கணிதத்தில் சுயமான ஆராய்ச்சிக்குரிய ராங்லர் பராஞ்சபே பரிசைப் பெற்றார். 1929-இல் பட்டம் பெற்றதோடு அவருடைய கல்லூரிப் படிப்பு நின்றது. 1930 முதல் 1962 வரை, நாசிக்கை அடுத்த மற்றொரு கன்டோன்மென்ட் ஊராகிய தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். அவரிடம் ஆராய்ச்சிக் கூடமும் இல்லை, பெரிய நூலகமும் இல்லை. தாளும் பென்சிலும் ஓய்வு நேரமுமே அவருடைய கருவிகள்.

ஒரு விந்தை எண்

1946-இல் அவர் கண்டறிந்த உண்மையை எவரும் சோதித்துப் பார்க்கலாம். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்க. நான்கு இலக்கங்களும் ஒன்றாயிருத்தல் மட்டும் ஆகாது. அவ்விலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். வந்த விடைக்கும் அவ்வாறே செய்ய வேண்டும். விடையில் மூன்று இலக்கங்களே இருப்பின் முன்னால் சுழியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

காப்ரேகர் பிறந்த ஆண்டாகிய 1905-ஐயே எடுத்துக்கொள்வோம்:

9510 − 0159 = 9351
9531 − 1359 = 8172
8721 − 1278 = 7443
7443 − 3447 = 3996
9963 − 3699 = 6264
6642 − 2466 = 4176
7641 − 1467 = 6174

இதற்கு மேல் எத்தனை முறை கழித்தாலும் 6174 மாறுவதில்லை. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் இதே எண் வந்துவிடும். 1949-இல் சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் காப்ரேகர் இதனை வெளியிட்டார். இன்று இது காப்ரேகர் மாறிலி என வழங்குகிறது.

காரணம் யாது?

இவ்விடத்தில் வியந்து நின்றுவிடுபவர் பார்வையாளர், “இது ஏன்?” என்று கேட்பவரே கணிதர். 1000 முதல் 9999 வரை, இலக்கங்கள் யாவும் ஒன்றான ஒன்பது எண்கள் நீங்க, 8,991 எண்கள் உள்ளன. அத்தனையையும் கழித்துப் பார்ப்பதென்றால் பொழுது போதாது. ஆயினும் கழித்தலின் அமைப்பை நோக்கினால் வேலை வெகுவாகச் சுருங்கும்.

மிகப் பெரிய இலக்கத்திற்கும் மிகச் சிறிய இலக்கத்திற்கும் உள்ள வேற்றுமையை வெளி வேற்றுமை என்றும், நடுவிலுள்ள இரண்டின் வேற்றுமையை உள் வேற்றுமை என்றும் கொள்வோம். முதற் கழித்தலின் விடை எப்போதும் வெளி வேற்றுமையின் 999 மடங்கும் உள் வேற்றுமையின் 90 மடங்கும் சேர்ந்ததாகவே இருக்கும். 1905-இல் வெளி வேற்றுமை 9, உள் வேற்றுமை 4. 8991-உடன் 360 சேர 9351 வருகிறது.

உள் வேற்றுமை வெளி வேற்றுமைக்கு மிகாது. ஆகவே, வெளி வேற்றுமை 1 ஆயின் உள் வேற்றுமை 0 அல்லது 1 என 2 வகை. 2 ஆயின் 3 வகை. இவ்வாறே 9 ஆயின் 10 வகை. மொத்தம் 54 வகைகளே. எனவே, 8,991 எண்களும் முதற் படியிலேயே 54 விடைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த 54-ஐயும் சோதித்துவிட்டால் நிரூபணம் முடிந்தது. ஒரு வகுப்பு மாணாக்கர் பங்கிட்டுக்கொண்டால் ஒரு பாடவேளையே போதும்!

கணிதத்தின் அழகு இச்சுருக்கத்தில் உள்ளது. 6174 என்னும் எண் வருவது விந்தை. அது வந்தே தீரவேண்டும் என அறிவது அழகு.

ஐயமும் வேண்டும்

இருப்பினும், ஒழுங்கைக் கண்டவுடன் நம்பிவிடுதலும் கணித மனப்பான்மை ஆகாது. மும்பையை அடுத்த டெம்லோ (இன்றைய டோம்பிவிலி) இரயில் நிலையத்தில் காப்ரேகருக்கு ஒரு கருத்து உதித்தது. அதனால் அவ்வெண்களுக்கு டெம்லோ எண்கள் என்றே பெயரிட்டார். அவற்றுள் புகழ்பெற்றவை, 1 என்னும் இலக்கத்தாலேயே ஆன எண்களின் வர்க்கங்கள். 11-இன் வர்க்கம் 121. 111-இன் வர்க்கம் 12321. 1111-இன் வர்க்கம் 1234321. ஒன்பது ஒன்றுகள் வரை இக்கோபுரம் குலையாது வளர்கிறது. பத்து ஒன்றுகளை வர்க்கிக்கும்போதோ நடுவில் 10 என்னும் கூட்டுத்தொகை தோன்றி, மீதி அடுத்த இடத்திற்கு ஏறுவதால், 1234567900987654321 என வடிவம் மாறிவிடுகிறது. ஒன்பது முறை மெய்யானது பத்தாம் முறை பொய்க்கலாம். ஆகவேதான் கணிதர் எடுத்துக்காட்டுகளோடு அமையாமல் நிரூபணத்தை நாடுகின்றனர்.

பெருமையும் புறக்கணிப்பும்

காப்ரேகரின் கண்டுபிடிப்புகளை அக்காலத்து இந்தியக் கணிதர் பலர் வெறும் விளையாட்டு என ஒதுக்கினர். அவற்றுட் பல, பத்தின் அடிப்படையில் எண்களை எழுதும் முறையைச் சார்ந்தவை என்பது உண்மையே. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் சயன்டிபிக் அமெரிக்கன் இதழில் அவரைப் பற்றி எழுதிய பின்னரே உலகம் அவரை அறிந்தது. அப்போது அவருக்கு வயது எழுபது. 1986-இல் அவர் மறைந்தார். புகழ் வந்தபின் தொடங்கிய ஆர்வமன்று அது. புகழ் வாராத காலத்திலும் நிலைத்த ஆர்வம். ஆசிரியர்கள் மாணாக்கருக்கு எடுத்துக் கூறத்தக்கது இதுவே.

வகுப்பிற்குரிய பயிற்சிகள்

1. மூன்று இலக்க எண்களில் இதே முறையைச் செய்து பார்க்க. முதல் விடை எப்போதும் 99-இன் மடங்காயிருப்பதையும், இறுதியில் 495 வருவதையும் மாணாக்கரே காணட்டும்.

2. இரண்டு இலக்க எண்களில் 9, 81, 63, 27, 45 எனச் சுழன்று மீண்டும் 9 வருகிறது. நிலையான எண் இல்லை. ஒரு விதி ஓரிடத்தில் பலித்தும் மற்றோரிடத்தில் பலியாமலும் போவதை இதனால் உணர்த்தலாம்.

3. 45-இன் வர்க்கம் 2025. 20-உம் 25-உம் சேர 45. இத்தகையவை காப்ரேகர் எண்கள் எனப்படும். 55, 297, 703 ஆகியவற்றையும் சோதிக்க.

விடையை ஆசிரியர் முந்திக் கூறலாகாது. மாணாக்கன் தானே “ஏன்?” என்று கேட்கும் வரை காத்திருத்தலே இப்பாடத்தின் முக்கியப் பகுதி.