போடிங் அறையில் ஒரு கொப்பி

மலையகத்து லயத்தில் தனக்கென்று ஒரு மூலை யாருக்கும் வாய்ப்பதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மொத்தக் குடும்பமும் படுத்து எழும்புகிறது. பல தோட்டங்களில் வீட்டுக்கு இலக்கமே கிடையாது. தபால் தோட்ட ஆபிசுக்கு வந்து, யாரோ ஒருவர் கையில் லயத்துக்கு ஏறும். உறை பிரிந்திருந்தாலும் கேட்பாரில்லை.

அந்தப் பழக்கத்தோடுதான் பிள்ளைகள் போடிங் அறைகளுக்குப் போகிறார்கள். ஹட்டனில் நாலு பேர் இருந்த அறைக்கு நானும் போனேன். "சிம் ஒன்னு எடுக்கணும், என் ஐடென்டி வீட்டுல கெடக்கு. ஒன்னோட கொப்பி ஒன்னு தா தங்கச்சி" என்றார் கூட இருந்த அக்கா. கொடுத்தேன். அவர் அறையை விட்டுப் போய்ச் சில மாதங்களில் அந்த சிம் இலக்கத்தைக் கொண்டு யாரிடமோ பணம் பறித்திருக்கிறார்கள். சிம் என் பெயரில். பொலிஸ் நிலைய வாங்கில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அன்றைய பேரை, நாட்சம்பளத்தை, விட்டுவிட்டு.

"இந்த அட்டைக்கு எத்தன தடவ நடந்தேன் தெரியுமா?" அவ்வளவுதான் சொன்னார். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே அம்மா கையில் அடையாள அட்டை.

அட்டையின் இலக்கமே நிறையப் பேசும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் நான்கு பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2001541 என்று தொடங்கினால், 2001 பெப்ரவரி 10இல் பிறந்த பெண். ஆகவே பிறந்த தேதியை வங்கி அட்டைக்கு இரகசிய எண்ணாக வைப்பவர், அட்டையைப் பார்த்தவருக்கெல்லாம் அதைச் சொல்லிவிடுகிறார்.

கொப்பி கொடுத்தே ஆகவேண்டுமென்றால் அதன் குறுக்கே எதற்கு, என்றைக்கு என்று பேனாவால் எழுதிக் கொடுக்க வேண்டும். போட்டோக் கொப்பிக் கடையில் கெட்டுப்போன பிரதியையும் கேட்டு வாங்கிக் கிழிக்க வேண்டும். போன் சார்ஜில் கிடக்கும்போது வங்கிக் குறுஞ்செய்தி பூட்டிய திரையில் தெரியாதபடி மாற்றிவைப்பது நல்லது. தன் பெயரில் என்னென்ன சிம் இருக்கிறதென்று தொலைபேசி நிறுவனங்களிடம் விசாரித்து, தெரியாததைத் துண்டிக்கச் சொல்லலாம்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தவென்று கொண்டுவரப்பட்டது. தனியாள் தன் சொந்த, வீட்டுத் தேவைக்கு வைத்திருக்கும் விபரங்களுக்கு அது பொருந்தாது. அறைக்குள் காவல் நாம்தான்.

பெட்டிக்குப் பூட்டுப் போட்டால் "எங்கள நம்பலையா?" என்று மனம் நோகும். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு அது பெரிய வார்த்தை. அடுத்துப் போன அறையில் முதல் நாளே நடந்ததைச் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேருமாக டவுனுக்குப் போய் நாலு பூட்டு வாங்கினோம்.